ரொறன்ரோவில எவ்வளவு ஸ்நோ விழும் எண்டு எப்பிடிச் சொல்லுறாங்கள், அந்த நம்பர் ஏன் மாறிக்கொண்டே இருக்கு?

அக்கா, நீங்கள் கேட்டது மூண்டு விசயம். ஜனவரியில ஸ்காபரோவுக்கு மகளிட்டப் போக டிக்கட் போட்டாச்சு, பெரிய ஸ்நோ ஸ்ரோம் வருது எண்டு அங்கை ஒரு கிழமையாக் கதைக்கினம், போனில இருக்கிற அப் விடிய 30 சென்ரிமீற்றர் எண்டு காட்டிட்டுப் பின்னேரம் 8 எண்டு காட்டுது, எதை நம்புறது எண்டது ஒண்டு. அவை எதை வச்சு உதெல்லாம் சொல்லீனம் எண்டது ரெண்டாவது. கனடாவில மணித்தியாலக் கணக்கில சொல்லேக்க எங்கட யாழ்ப்பாணத்து மழையை மட்டும் ஏன் ஒழுங்காச் சொல்ல ஏலாமல் கிடக்கு எண்டது மூண்டாவது. நான் ஏஎல் பிள்ளையளுக்குப் புவியியல் படிப்பிக்கிறனான், காலநிலைக் கதை எண்டா எனக்குக் கொஞ்சம் பைத்தியம், அதால பதில் நீளும், ஆறுதலா இருந்து வாசியுங்கோ.

சுருக்கமாச் சொன்னா, ஸ்ரோம் வருது எண்டு அவை சொன்னா நம்பலாம், எந்த நாள் எண்டதையும் அனேகமா நம்பலாம், எத்தினை சென்ரிமீற்றர் எண்டதை மட்டும் முதல் நாள் வரைக்கும் நம்பாதேங்கோ. குளிர்காலத்து வானிலையில ஸ்ரோம் வருமோ வராதோ எண்டு சொல்லுறது இப்ப பெரிய கஷ்டமில்லை. மழையையும் ஸ்நோவையும் பிரிக்கிற பூச்சியம் பாகைக் கோடு எந்த ஊருக்கு மேலால போகப்போகுது எண்டு சொல்லுறதிலதான் எல்லாரும் தடுமாறினம். அந்தக் கோடு ஒரு 50 கிலோமீற்றர் வடக்கையோ தெற்கையோ அரக்கினாப் போதும், ஒரு ஊரில முழங்கால் அளவு ஸ்நோ கிடக்கும், பக்கத்து ஊரில வெறும் மழைத்தண்ணி ஓடும்.

முதல்ல அப் கதை. அதில வாற நம்பரை ஒரு மனிசரும் இருந்து யோசிச்சுப் போடுறேல்லை. அனேகமான அப்புகள் ஒரு கொம்பியூட்டர் மொடலின்ர விடையை, இல்லாட்டி நாலைஞ்சு மொடலைக் கலந்த விடையை அப்பிடியே தூக்கிப் போடுறதுதான். அமெரிக்காக்காரற்ற ஜிஎஃப்எஸ் எண்ட மொடல் ஒரு நாளைக்கு நாலு தரம் ஓடும், எங்கட நேரத்துக்கு விடிய 5.30, பகல் 11.30, பின்னேரம் 5.30, இரவு 11.30 மணித் தரவுகளை வச்சுத் துவங்கும், விடை வந்து சேர இன்னும் சில மணித்தியாலம் எடுக்கும். ஒவ்வொரு ஓட்டத்திலயும் புதுத் தரவு உள்ள போகும், நம்பர் மாறும். உங்களுக்கு விடிய வந்த 30 ஒரு ஓட்டத்தின்ர விடை, பின்னேரம் வந்த 8 இன்னொரு ஓட்டத்தின்ர விடை, உண்மையில அண்டைக்கு ஆரிட்டயாவது வடிவாக் கேட்டிருந்தா 'எட்டிலயிருந்து முப்பது வரைக்கும் எதுவும் நடக்கலாம்' எண்டுதான் சொல்லியிருப்பினம், ஆனா அப்பில அதை எழுத இடமில்லை, ஒரு படமும் ஒரு நம்பரும்தான்.

இன்னொரு விசயம், மொடல் கணக்குப் பாக்கிறது ஸ்நோவை இல்லை, தண்ணியை. மேலையிருந்து எத்தினை மில்லிமீற்றர் தண்ணி விழும் எண்டு கணக்குப் போட்டுட்டுப் பேந்து அதை ஸ்நோவா மாத்துறது. சாதாரணமா 1 மில்லிமீற்றர் தண்ணி 1 சென்ரிமீற்றர் ஸ்நோ, ஒண்டுக்குப் பத்து. ஆனா பூச்சியத்துக்குக் கிட்ட நிக்கிற ஈரமான ஸ்நோ எண்டா ஒண்டுக்கு அஞ்சுதான் வரும், சவளால அள்ளேக்க முதுகு முறியிறது அதுதான். மைனஸ் 10, மைனஸ் 15 எண்டு நல்லாக் குளிர்ந்த நேரம் விழுறது பஞ்சு மாதிரி, ஒண்டுக்கு இருபது கூட வரும். அப்ப அதே 20 மில்லிமீற்றர் தண்ணி ஒரு நாள் 10 சென்ரிமீற்றர், இன்னொரு நாள் 40 சென்ரிமீற்றர். முகிலுக்குள்ள மைனஸ் 12க்கும் மைனஸ் 18க்கும் இடையில இருக்கிற பகுதியிலதான் அந்தக் கிளை விட்ட ஸ்படிகம் நல்லா வளரும், அந்தப் பகுதிக்குள்ள ஈரக்காத்து வடிவா மேலெழும்பினா அள்ளிக் கொட்டும். மொடல் தண்ணியைச் சரியாச் சொல்லிட்டு ஸ்நோவைப் பிழையாச் சொல்லுறது இதாலதான், இது கனபேருக்கு விளங்குறேல்லை, 'உவங்கள் சும்மா அடிச்சு விடுறாங்கள்' எண்டு பேசிப்போட்டுப் போயிடுவினம்.

சரி, மேலை என்ன நடக்குது எண்டு பாப்பம். அங்கை குளிர்காலத்தில விழுறது எல்லாம் பெரும்பாலும் மேலை ஸ்நோவாத்தான் துவங்குது. எங்கட ஐப்பசி கார்த்திகை மழையிலயும் உயரமான இடிமுகிலில இருந்து வாறதில ஒரு பங்கு மேலை ஐஸாத்தான் இருந்தது, எங்களுக்கு மேலை ஏறக்குறைய 5 கிலோமீற்றரில பூச்சியம் பாகை வந்திடும், அதுக்குக் கீழை வர உருகித் தண்ணியாகுது, அவ்வளவுதான். ரொறன்ரோவில அந்த உருகிற உயரம் நிலத்துக்குக் கிட்ட விளையாடுது. நிலத்திலயிருந்து முகில் வரைக்கும் முழுக்கப் பூச்சியத்துக்குக் கீழை எண்டா ஸ்நோ. நடுவில, ஒரு 1 கிலோமீற்றருக்கும் 3 கிலோமீற்றருக்கும் இடையில, தெற்கையிருந்து வாற வெக்கைக் காத்து ஒரு படையாப் புகுந்திட்டா அதுக்குள்ள வந்த ஸ்நோ உருகிடும். உருகினது கீழை தடிப்பான குளிர்ப் படைக்குள்ளால வந்தா திரும்ப உறைஞ்சு சின்ன ஐஸ் மணியா விழும். குளிர்ப்படை மெல்லிசா இருந்தா உறைய நேரம் காணாது, தண்ணியாவே வந்து மரத்தில கம்பியில காரில படுற உடன உறையும். அதுதான் ஃப்ரீசிங் ரெயின், எல்லாத்திலயும் பொல்லாதது.

ஸ்காபரோப் பக்கம் கனகாலம் இருக்கிற ஆரிட்டயும் 2013 மார்கழியைக் கேட்டுப் பாருங்கோ, நத்தாருக்கு ரெண்டு மூண்டு நாள் முன்னால வந்த ஃப்ரீசிங் ரெயினால ரொறன்ரோவில மட்டும் 300,000 வாடிக்கையாளருக்குக் கரண்ட் போனது, நத்தாரண்டும் இருட்டுக்குள்ள குளிரில இருந்த சனம் கன. அதுக்கு முதல் 1998 ஜனவரியில கியூபெக்கிலயும் கிழக்கு ஒன்ராறியோவிலயும் அஞ்சாறு நாள் விட்டு விட்டுப் பெய்ததில மொன்றியல் பக்கம் பெரிய பெரிய மின்சாரக் கோபுரங்களே ஐஸின்ர பாரம் தாங்காமல் மடிஞ்சு விழுந்தது. ரெண்டு தரமும் நடந்தது ஒரு பாகை ரெண்டு பாகை வித்தியாசம், ஒரு சில நூறு மீற்றர் தடிப்பு. இதைப் பிளைட்டில போற உங்களுக்குச் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு, 20 சென்ரிமீற்றர் ஸ்நோவை எயர்போர்ட் தள்ளிப்போட்டு ஓடும், ரொறன்ரோப் பியர்சன் எயர்போர்ட்டில பிளேனுக்கு ஐஸ் கழுவுற இடம் உலகத்திலயே பெரிய இடங்களில ஒண்டு, ஆனா ஃப்ரீசிங் ரெயின் நல்லாப் பிடிச்சா அவையாலயும் ஒண்டும் செய்யேலாது.

அந்தப் படையளை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? அதுக்குத்தான் பலூன். இவ்வளவு சட்டலைட், சூப்பர் கொம்பியூட்டர் வந்த பிறகும் ஹீலியமோ ஹைட்ரஜனோ அடிச்ச ஒரு பலூனும் அதில தொங்கிற ஒரு சின்னப் பெட்டியும்தான் இந்தத் தொழிலின்ர முதுகெலும்பு எண்டு நான் சொல்லுவன். ரேடியோசொண்ட் எண்டு பேர். வெப்பநிலை, ஈரப்பதன், அமுக்கம் எல்லாத்தையும் அளந்து செக்கனுக்குச் செக்கன் கீழை அனுப்பும், ஜிபிஎஸ்ஸால அது இழுபடுற திசையைப் பாத்துக் காத்தைக் கணக்கெடுப்பினம். செக்கனுக்கு 5 மீற்றர் மாதிரி ஏறி, மேலை போகப் போக ஊதிப் பெருத்து, 30 கிலோமீற்றர் உயரத்துக்குக் கிட்ட வெடிக்கும். உலகம் முழுக்க ஒரே நேரத்தில, ஒரு நாளைக்கு ரெண்டு தரம், எங்கட நேரம் விடிய 5.30, பின்னேரம் 5.30 மணித் தரவுக்காக அதுக்குக் கொஞ்சம் முன்னால விடுவினம். ரொறன்ரோ அவ்வளவு பெரிய நகரம், அங்கை பலூன் விடுறேல்லை, கிட்டடி எண்டா ஒன்ராறியோ ஏரிக்கு அங்கால அமெரிக்காவின்ர பஃபலோவில விடுறதுதான். ரொறன்ரோவுக்கு மேலை ஃப்ரீசிங் ரெயினோ ஸ்நோவோ எண்டு பாக்கிறவை அந்தப் பஃபலோ பலூனின்ர வரைபடத்தைத்தான் கண்ணில எண்ணெய் விட்டுப் பாப்பினம். 2025இல அமெரிக்க வானிலைச் சேவையில ஆள்க்குறைப்பு நடந்தாப் பிறகு அலாஸ்காவில கொட்செபு எண்ட இடத்தில பலூன் நிண்டது, நியூயோர்க் மாநிலத்து ஒல்பனி மாதிரிச் சில இடங்களில குறைச்சினம். ஒரு பலூன்தானே எண்டு நினைப்பம், ஆனா அலாஸ்காவில இண்டைக்கு அளக்காத காத்துத்தான் நாலைஞ்சு நாளில கிழக்கை வந்து நிக்கிறது.

அது முக்கியமான இடம். ரொறன்ரோவுக்கு வாற ஸ்ரோம் ஒரு கிழமைக்கு முதல் எங்க நிக்குது தெரியுமோ? அனேகமா பசுபிக் சமுத்திரத்துக்கு மேலை, ஒரு சின்ன நெளிவா. அது கரையேறி, ரொக்கி மலையைத் தாண்டி, கொலராடோ ரெக்சாஸ் பக்கம் திரும்ப உருண்டு, மெக்சிக்கோ வளைகுடாவின்ர ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வடக்கை வரேக்கதான் நாங்கள் அறிஞ்ச ஸ்ரோம் ஆகுது, அப்ப வடக்கையிருந்து ஆர்ட்டிக் குளிர் இறங்கியிருந்தா ரெண்டும் சந்திக்கிற இடத்தில கொட்டும். சமுத்திரத்துக்கு மேலை பலூன் விட ஆளில்லை. அங்கை கை குடுக்கிறது சட்டலைட், முக்கியமா துருவத்துக்குத் துருவம் சுத்துறவை, அதுகள் படம் எடுக்கிறதோட நிக்காமல் காத்து மண்டலத்திலயிருந்து வாற நுண்ணலையையும் அகச்சிவப்பையும் அளந்து எந்த உயரத்தில என்ன வெப்பநிலை எண்டு கணக்கெடுக்க விடும். ரீவியில முகில் ஓடுற படம் வாறது வேற சட்டலைட், அது 36,000 கிலோமீற்றர் உயரத்தில ஒரே இடத்துக்கு மேலை நிக்கிறது. குளிர்காலத்தில அமெரிக்காக்காரர் பிளேனில போய் பசுபிக்குக்கு மேலை அளவுக் கருவியளைப் போட்டும் பாக்கினம், சூறாவளிக்குள்ள பறக்கிற அதே பிளேனுகள்தான். இன்னொண்டு, பயணிகள் பிளேனுகளில கனக்க ஏறேக்க இறங்கேக்க வெப்பநிலையையும் காத்தையும் தானா அனுப்பிக்கொண்டு போகும், 2020இல கொரோனாவால பிளைட் நிண்டு போகேக்க அந்தத் தரவு ஒரேயடியா விழுந்தது. நீங்கள் போற பிளைட்டும் ரொறன்ரோவில இறங்கேக்க அடுத்த நாள் வானிலைக்கு ஒரு பலூன் வேலை செய்து குடுக்கலாம்.

இவ்வளவையும் வாங்கித்தான் மொடல் துவங்குது. மொடல் எண்டது ஒண்டுமில்லை, வளிமண்டலத்தைச் சதுரம் சதுரமா வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் காத்து, வெப்பம், ஈரம், அமுக்கம் இவ்வளவு எண்டு போட்டு, நியூட்டன்ர விதியளையும் வெப்ப இயக்கவியலையும் வச்சு அடுத்த சில நிமிசத்தில என்னாகும், அதுக்கு அடுத்ததில என்னாகும் எண்டு பத்து நாள் வரைக்கும் இழுத்துக்கொண்டு போறது. ஐரோப்பாக்காரற்ற ஈசிஎம்டபிள்யூஎஃப் எண்ட மொடலின்ர சதுரம் 9 கிலோமீற்றர், அமெரிக்க ஜிஎஃப்எஸ் 13, கனடாக்காரர் தங்கட நாட்டுக்கு மட்டும் 2.5 கிலோமீற்றரில ஒண்டு ஓட்டினம், அது ரெண்டு நாளுக்குத்தான் சொல்லும் ஆனா ஏரிக்கரை, மேடு பள்ளம் எல்லாம் அதுக்குத் தெரியும். 2025 பெப்ரவரியிலயிருந்து ஐரோப்பிய மையம் ஏஐ மொடல் ஒண்டையும் அன்றாட வேலைக்கு எடுத்திட்டுது, விதியளைப் படிப்படியாத் தீர்க்காமல் பல வருசத்துப் பழைய வானிலையைப் படிச்சுப்போட்டுச் சொல்லும், சில நிமிசத்தில முடிச்சிடும், பெரிய ஸ்ரோமின்ர பாதையைச் சொல்லுறதில நல்லாவே செய்யுது. ஆனா அதுக்கும் துவங்க அதே பலூனும் சட்டலைட்டும்தான் வேணும்.

இதில எனக்குப் பிடிச்சது என்செம்பிள். துவக்கத் தரவு ஒரு நாளும் நூறு வீதம் சரியா இராது எண்டு தெரிஞ்சுகொண்டுதான், அதை ஒவ்வொரு தரமும் துளி துளி மாத்திப் போட்டு அதே மொடலைத் திரும்பத் திரும்ப ஓட்டுறது. ஐரோப்பியன் 51 தரம் ஓட்டுவன். 51இல 45 ஓட்டம் ரொறன்ரோவுக்கு 15 சென்ரிமீற்றருக்கு மேலை எண்டா கதை வேற, 20 ஓட்டம் பெரிய ஸ்நோ, 20 ஓட்டம் மழை, மிச்சம் ஸ்ரோமே தெற்கால போயிட்டுது எண்டா கதை வேற. ரெண்டாவது நிலைமையிலயும் உங்கட அப் ஒரு நம்பரைத்தான் காட்டும் பாருங்கோ, அங்கதான் வில்லங்கம்.

2015 ஜனவரி 26, 27 நியூயோர்க் கதை இதுக்கு நல்ல உதாரணம். நகரத்துக்கு 50இலயிருந்து 75 சென்ரிமீற்றர் வரும் எண்டு சொல்லி, ஸ்நோவுக்காகச் சப்வேயை நிப்பாட்டினது அதுதான் முதல் தரம். விடிஞ்சு பாத்தா சென்ரல் பார்க்கில 25 சென்ரிமீற்றர். சனம் கிழிகிழியெண்டு கிழிச்சுது, பக்கத்து நியூஜேர்சி பகுதியைப் பாத்த வானிலை அலுவலகப் பொறுப்பாளர் கேரி சட்கோவ்ஸ்கி பகிரங்கமா மன்னிப்பும் கேட்டார். ஆனா அதே இரவு லோங் ஐலண்டில இஸ்லிப் எண்ட இடத்தில 60 சென்ரிமீற்றருக்கு மேலை, பொஸ்ரனிலயும் அப்பிடித்தான். ஸ்ரோம் வந்தது, சொன்ன நேரத்துக்கே வந்தது, சொன்ன அளவுக்கே கொட்டினது, கொஞ்சம் கிழக்கால கொட்டினது. ஐரோப்பிய மொடல் நகரத்துக்கு மேலை எண்டு சொன்னது, அமெரிக்க மொடல் குறைவு எண்டு சொன்னது, 2012இல சாண்டி சூறாவளியின்ர நேரம் ஐரோப்பியன் முந்திக்கொண்டு சரியாச் சொன்ன நம்பிக்கையில இதையும் நம்பீட்டினம். என்ர கணிப்பில அது விஞ்ஞானத்தின்ர தோல்வியில்லை, சொன்ன விதத்தின்ர தோல்வி, '25 ஆகவும் இருக்கலாம்' எண்டதை உரத்துச் சொல்லேல்லை.

ஏரி ஸ்நோ எண்டு இன்னொரு சாமான் இருக்கு, அதைத் தனியாப் பாக்கோணும், ஏனெண்டா அதுக்குப் பெரிய ஸ்ரோம் ஒண்டும் தேவையில்லை. உறையாத ஏரித் தண்ணிக்கு மேலால ஆர்ட்டிக் காத்து போகேக்க அடியில சூடும் ஈரமும் ஏறி, மேலெழும்பி, அக்கரையில கொட்டும். தண்ணிக்கும் ஒண்டரைக் கிலோமீற்றர் உயரத்துக் காத்துக்கும் 13 பாகை வித்தியாசம் இருந்தாத் துவங்கும் எண்டு கணக்கு. எங்கட மார்கழி வாடைக்காத்து வங்காள விரிகுடாவுக்கு மேலால வந்து ஈரம் ஏத்திக்கொண்டு வாறதும் இதே வேலைதான், வித்தியாசம் என்னெண்டா எங்களுக்கு அது அகலமாப் பரவி வரும், அங்கை ஏரி ஒடுக்கமெண்டதால ஒரு 10, 20 கிலோமீற்றர் அகலப் பட்டையா வரும். பட்டைக்குள்ள முன்னால நிக்கிற கார் தெரியாது, வெளியில வெயில் எறிக்கும். ஹூரன் ஏரியிலயும் ஜோர்ஜியன் பேயிலயும் இருந்து வாற பட்டை ரொறன்ரோவுக்கு வடக்கால இருக்கிற பரி (Barrie) எண்ட ஊர்ப் பக்கத்தை மூடேக்க ஸ்காபரோவில ஒண்டுமிராது. மகள் வடக்கால கொட்டேஜ் கீட்டேஜ் எண்டு கூட்டிக்கொண்டு போனா மட்டும் இதைக் கவனியுங்கோ.

அந்தப் பட்டையளைப் பிடிக்கிறது ரேடார். ரொறன்ரோவுக்கு வடக்கால கிங் சிற்றியில நிக்கிறதுதான் அந்தப் பகுதியைப் பாக்கிறது. இப்ப இருக்கிறவை டொப்ளர், காத்தின்ர வேகத்தையும் அளக்கிறவை, அதோட கிடையாவும் செங்குத்தாவும் ரெண்டு விதமா அலை அனுப்புறவை, திரும்பி வாற ரெண்டையும் ஒப்பிட்டா உள்ள இருக்கிறது மழைத்துளியோ ஸ்நோவோ உருகிக்கொண்டிருக்கிற கலவையோ எண்டு பிரிக்கலாம். உருகிற படை ரேடாரில பளிச்செண்டு ஒரு வளையமாத் தெரியும், அந்த வளையம் சுருங்கிக்கொண்டு வந்தா உருகிற மட்டம் கீழை இறங்குது, மழை ஸ்நோவா மாறப்போகுது எண்டு அர்த்தம், வானிலைக்காரர் அதைப் பாத்துக்கொண்டே இருப்பினம். ஆனா ரேடாருக்கு ஒரு குறை, பூமி உருண்டை, அலை நேராப் போகுது. அரைப் பாகை சாய்வில அனுப்பின அலை 150 கிலோமீற்றர் போகேக்க நிலத்திலயிருந்து ரெண்டரைக் கிலோமீற்றருக்கு மேலை நிக்கும். ஏரி ஸ்நோ முகில் பல நேரம் அந்த உயரமே வராது, ரேடாரில வெறுமையாக் கிடக்கும், கீழை கொட்டிக்கொண்டிருக்கும்.

கடைசியா ஆக்கள். என்வைரன்மென்ட் கனடாவின்ர ஒன்ராறியோ வானிலையைப் பாக்கிறவை ரொறன்ரோவிலதான் இருக்கினம், அவை இந்த மொடல் எல்லாத்தையும் பக்கத்தில பக்கத்தில வச்சு, எது இந்த மாதிரி ஸ்ரோமில வழமையாப் பிழை விடும் எண்டு தெரிஞ்சு, வோர்னிங் எழுதுகினம். அதாலதான் அவையின்ர எழுத்தை வாசியுங்கோ எண்டுறன். 2025 நவம்பர் கடைசியிலயிருந்து மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எண்டு நிறத்தில போடுகினம், எத்தினை சென்ரிமீற்றர் எண்டதை விட எவ்வளவு பாதிப்பு வரும், எவ்வளவு நம்பிக்கையாச் சொல்லீனம் எண்டதைப் பாத்து நிறம்.

ஆனா சரியாச் சொன்னாலும் சனம் தப்பும் எண்டில்லை. 2022 மார்கழியில பஃபலோவுக்கு வந்த பனிப்புயலை அங்கத்தை அலுவலகம் சில நாளுக்கு முதலே ஒரு தலைமுறைக்கு ஒருக்கா வாறது எண்டு எழுதிட்டுது, அப்பிடியே வந்தது, அந்தக் கவுண்டியில, எங்கட மாவட்டம் மாதிரி, அதில மட்டும் 40 பேருக்கு மேலை செத்தவை, காருக்குள்ள, றோட்டில, கரண்ட் இல்லாத வீட்டுக்குள்ள. குளிரை விடக் காத்துத்தான் ஆளைக் கொல்லும். மைனஸ் 10இல 30 கிலோமீற்றர் வேகத்தில காத்தடிச்சா முகத்துக்கு மைனஸ் 20 மாதிரி, மைனஸ் 20 எண்டா மைனஸ் 33 மாதிரி, 'விண்ட் சில்' எண்டு அப்பில வாறது அதுதான், 2001இல கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து கொண்டு வந்த கணக்கு, அதுக்கு ரொறன்ரோவில 12 பேரைக் குளிர்க் காத்துச் சுரங்கத்துக்குள்ள நடக்க விட்டு அவையின்ர முகத்தை அளந்தவை. இது எங்களுக்குச் சம்பந்தமில்லை எண்டு நினைக்காதேங்கோ. அதே 2022 மார்கழியில மாண்டஸ் புயலின்ர நேரம் வடக்கு கிழக்கில ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடு ஆடுகள் குளிரில விறைச்சுச் செத்தது ஞாபகமிருக்கும், வெப்பநிலை பூச்சியத்துக்குக் கிட்டயும் போகேல்லை, இரவிரவா நனைஞ்ச உடம்பில விடாமல் காத்தடிச்சதுதான். அந்தக் கனடாக் கணக்கில ஈரத்துக்கு இடமில்லை, நனைஞ்ச உடுப்போட நிண்டா அது காட்டுறதை விட மோசம், பிள்ளையளுக்குச் சொல்லி வையுங்கோ.

இனி உங்கட பயணம். அஞ்சு நாளுக்கு முதல் சென்ரிமீற்றரையே பாக்காதேங்கோ, ஸ்ரோம் இருக்கோ இல்லையோ எண்டு மட்டும். விண்டி (Windy) எண்ட வானிலை அப்பில ஐரோப்பியனையும் ஜிஎஃப்எஸ்ஸையும் மாத்தி மாத்திப் பாருங்கோ, ரெண்டும் ஒரே நாளை ஒரே பக்கத்தைச் சொன்னா நம்பிக்கை கூட, ஆளுக்கொரு பக்கம் இழுத்தா இன்னும் முடிவாகேல்லை. மூண்டு நாளுக்கு முதல் ஸ்ரோம் பசுபிக்கால கரையேறி அமெரிக்கப் பலூன்களுக்கு மேலால வந்திருக்கும், அப்ப நம்பர் ஆட்டம் குறையத் துவங்கும். முதல் நாள் என்வைரன்மென்ட் கனடாவின்ர வெதர்கான் அப்பில வோர்னிங்கை எழுத்தா வாசியுங்கோ, '15இலயிருந்து 25' எண்டு வீச்சாப் போட்டிருப்பினம், அதோட 'ஃப்ரீசிங் ரெயின்' எண்ட சொல் இருக்கோ எண்டு பாருங்கோ. இருந்தா எயர்லைனுக்கு உடன அடியுங்கோ, பெரிய ஸ்ரோம் எண்டா ஒண்டு ரெண்டு நாளுக்கு முதலே காசில்லாமல் திகதி மாத்த விடுறவை, டோஹாவிலயோ டுபாயிலயோ பெட்டியோட அம்பிடுறதை விட கட்டுநாயக்காவுக்கு வெளிக்கிடாமல் வீட்டில நிக்கலாம். 2022 ஜனவரி 17 மாதிரி ஒரு நாள் வந்தா, அண்டைக்குப் பியர்சனில 30 சென்ரிமீற்றருக்கு மேலை, கார்டினர், டிவிபி எண்ட ரெண்டு பெரிய றோட்டையும் பூட்டினவை, பிளைட் இறங்கினாலும் மகள் வந்து ஏத்தேலாது.

இப்ப யாழ்ப்பாணம். கேட்டா நம்ப மாட்டியள், ரொறன்ரோவின்ர அஞ்சாம் நாளைச் சொல்லுறது எங்கட அஞ்சாம் நாளைச் சொல்லுறதை விட லேசு. அங்கை வானிலையைக் கொண்டு வாறது ஆயிரம் கிலோமீற்றர் கணக்கில பெரிய உருவங்கள், மேலை ஓடுற ஜெற் காத்து அதுகளை மேற்கையிருந்து கிழக்கை ஒரு ஒழுங்கில தள்ளிக்கொண்டு போகும், அது கடந்து வாற வழி முழுக்கப் பலூனும் ரேடாரும். நாங்கள் இருக்கிறது 9.7 பாகை அகலக்கோட்டில, பூமி சுழலுற விசை இஞ்சை மெலிவு, மழையைக் கொண்டு வாறது சில கிலோமீற்றர் அகல இடிமுகில், மொடலின்ர ஒரு சதுரத்துக்குள்ள அது முழுசா அடங்கிப் போயிடும். தாழமுக்கம் பிறக்கிறதும் வளருறதும் கடலுக்கு மேலை, அங்கை பலூன் இல்லை. அதைத் தள்ளுற காத்து மெலிஞ்சுட்டா அது நிண்டிடும், 2020 மார்கழியில புரெவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையால ஏறி அங்கால மன்னார் வளைகுடாவில போய் அசையாமல் நிண்டு எங்களை ஊறப்போட்டது அப்பிடித்தான். 2024 கார்த்திகையில ஃபெங்கலும் இண்டைக்குப் புயலாகும் நாளைக்குப் புயலாகும் எண்டு எல்லாரையும் காக்க வச்சுத்தான் புதுச்சேரிக்குப் போனது, அதுக்கிடையில இஞ்சை வெள்ளம். அந்த நேரங்களில யாழ் பல்கலைக்கழகப் புவியியல் துறை பிரதீபராஜா சேர் எழுதுறதையும் வளிமண்டலவியல் திணைக்களத்தின்ர அறிக்கையையும் சேர்த்து வாசிக்கிறதுதான் என்ர வழக்கம்.

எங்களுக்கு உதவுற ரேடாரும் அக்கரையில, காரைக்காலில நிக்கிற இந்திய ரேடார், இஞ்சையிருந்து ஏறக்குறைய 140 கிலோமீற்றர். அரைப் பாகை அலைக்கு மேலை சொன்ன அதே கணக்குத்தான், யாழ்ப்பாணத்துக்கு வரேக்க அது ரெண்டு கிலோமீற்றருக்கு மேலை நிக்கும். பெரிய இடிமுகிலைப் பளிச்செண்டு காட்டும், அரை மணித்தியாலத்துக்குள்ள பருத்தித்துறைக்கு வருமோ எண்டு பாத்துச் சொல்லலாம். மார்கழி விடியக்காலமை வாடையோட பதிஞ்சு வாற சின்ன மழைக்கு மட்டும் அதைத் திறந்து பாத்து உடுப்புக் காயப் போடாதேங்கோ, அது அலைக்குக் கீழால வந்திடும்.